கணவாய்க்கு அப்பால் மழை

ஊர் மாறுகிறவர்கள் நாள் பார்ப்பார்கள், வண்டி பார்ப்பார்கள், வானத்தையும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள். ஆனால் அது தம் தலைக்கு மேலுள்ள வானமாகத்தான் இருக்கும். போய்ச் சேரும் ஊரின் வானத்தை எண்ணிப் பார்ப்பவர் அரிது. 1981-ஆம் ஆண்டு ஆனி மாதத் தொடக்கத்தில் பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்குக் குடிபெயர்ந்த நாங்களும் எண்ணிப் பார்க்கவில்லை.

அப்பா மறைந்து ஓராண்டு நிறைந்திருந்தது. அம்மாவுக்கு நாகர்கோவிலில் ஆசிரியை வேலை கிடைத்தது. தாய்மாமாவின் வீடும் அங்கேதான். இரு ஊர்களையும் இணைக்கும் இருப்புப்பாதை அவ்வாண்டில்தான் திறக்கப்பட்டிருந்தது. ஆயினும் அம்மி, உரல், தையல் இயந்திரம் ஆகியவற்றோடு இரயிலேற இயலுமா? லாரிதான் பேசப்பட்டது.

அன்று காலை பாளையங்கோட்டையில் சுள்ளென்று வெயில். “தார்ப்பாய் இல்லையா, தம்பி?” என்று அம்மா ஓட்டுநரைக் கேட்டார். “ஆனி மாதத்தில் மழையா, அக்கா? காற்றுத்தான் அடிக்கும். கயிறு போதும்” என்றார் அவர். பொய் சொல்லவில்லை. அவர் கரிசல் நாட்டுக்காரர். அங்கெல்லாம் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். தென்மேற்கே அந்தக் கணவாயை அவர் அதுவரை தாண்டியதில்லை. கனமானவை அடியிலும், இலவம்பஞ்சு மெத்தைகள் மேலேயுமாக ஏற்றினோம். எல்லாவற்றிற்கும் மேலே, இறங்கியதும் முதலில் கைக்கு எட்ட வேண்டும் என்று அம்மாவின் டிரங்குப் பெட்டியை வைத்தோம். அதில்தான் அப்பா கொழும்பில் கடை வேலை பார்த்த ஆண்டுகளில் எழுதிய கடிதங்கள் இருந்தன.

நாங்குநேரி, பணகுடி வரையில் வெயிலும் புழுதியும்தான். காவல்கிணறு தாண்டியதும் காற்று லாரியின் பக்கவாட்டில் மோதியது. முப்பந்தலில் இன்று வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அன்று இல்லை; காற்று மட்டும் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியும் தறுவாயில் விட்டுக்கொடுத்த இடைவெளி ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் நீரில் பெரும்பகுதியை மலைக்கு மேற்கேயே இறக்கிவிட்டு, வெறுங்காற்றாய் இந்த வாசல் வழியே கிழக்கே பாய்கிறது. ஆகவேதான் கணவாய்க்கு இப்பால் உடைமரமும் பனையும். அப்பால் ஆண்டுக்கு இரு பருவமழையும், கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோக நெல்லும். ஒரு காலத்தில் திருவிதாங்கூர் நாட்டின் கிழக்கு வாசலாக இருந்த இடம் அது. 1956-இல் எல்லை அகன்றுவிட்டது. மழையின் எல்லையை அகற்ற எந்தச் சட்டத்தாலும் ஆகவில்லை!

ஆரல்வாய்மொழியில் சாரல். தோவாளையில் தூறல். வெள்ளமடம் வருமுன் கொட்டத் தொடங்கியது. இருபுறமும் நெல் வயல்கள் பச்சைப்பசேலென்று நனைந்துகொண்டிருந்தன. அந்த அழகைப் பார்க்கும் மனநிலையில் யார் இருந்தார்? ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, தம் படுக்கைச் சமுக்காளத்தையே எடுத்துப் பெட்டிமேல் போர்த்தினார். கால் மணி நேரத்தில் அதுவும் ஊறிப்போயிற்று.

வாடகை வீட்டின் முன் முழங்கால் சேறு. பஞ்சு மெத்தை நீர் குடித்தால் என்ன கனம் கனக்கும் என்பதைத் தூக்கியவரே அறிவர். ஒன்றை நால்வர் தூக்கினோம். அடுத்த வீட்டு ஆச்சி, “நனையாம உள்ள வாங்க மக்களே” என்று அழைத்து, எங்கள் விறகு நனைந்திருப்பதைக் கண்டு, தம் அடுப்பிலிருந்து தணலும் ஒரு கட்டு உலர்ந்த விறகும் தந்தார். அன்றிரவு கஞ்சியும் அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

பெட்டியின் துருப்பிடித்த மூலையில் நீர் புகுந்திருந்தது. கடிதங்களைக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டு அடுப்பனலில் காயவைத்தோம். பிற்காலக் கடிதங்கள் கருநீல மையில் எழுதப்பட்டவை, அவை தப்பித்தன. அம்மை தாளைக் கவ்விக்கொண்டால் எளிதில் விடாது. ஆனால் முதல் மூன்று ஆண்டுக் கடிதங்கள் தண்ணீர் பட்டால் கரையும் வெளிர்நீல மையில் இருந்தன. எழுத்தென்று ஒன்றும் மிஞ்சவில்லை; மேகம் போல் நீலத் திட்டுகள்.

நாகர்கோவிலில் ஆனி மழை தொடங்கினால் துணிகூட இரண்டு நாளில் காயாது. மூன்றாம் நாள் மாலையில் அம்மா அந்த நீலத் தாள்களைக் கொடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். எழுத்துள்ளவற்றைப் பெட்டியில் வைத்தார். எழுத்தழிந்த ஒன்றை விளக்கருகே பிடித்து, எங்களைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, வாசிக்கத் தொடங்கினார். கடையின் மாடி அறை, அங்கே கிடைக்கும் தேநீர், பெருநாளுக்கு ஊருக்கு வர முதலாளி விடுப்புத் தராதது, பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன பெயர் என்னும் கேள்வி. அந்தக் குழந்தை நான். அதற்கு முன் ஒரு கடிதத்தையும் அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டியதில்லை.

முடிந்ததும் அடுத்த தாளை எடுத்தார். எந்தத் தாள் எந்தக் கடிதம் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என நான் கேட்கவில்லை. ஓட்டின்மேல் மழை விட்டபாடில்லை. தம்பி மட்டும் விளக்குத் திரியைச் சற்றுத் தூண்டிவிட்டான்.