"அம்மா, சாம்பார்?"

வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெண், "அம்மா கைச் சமையலுக்கு ஏங்குகிறேன்" என்று சொன்னால் கேட்பவர்கள் எல்லாரும் 'உச்'சுக் கொட்டுவார்கள். அதே பெண், "ஹோட்டல் சாம்பாருக்கு ஏங்குகிறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும்! "நாக்கைக் கொஞ்சம் அடக்கு, அம்மா" என்பார்கள். நான் இந்த இரண்டாவது ரகம்.

2017-ம் வருஷம் என் கணவருக்கு லண்டனில் உத்தியோகம் ஆயிற்று. பத்திரிகைக் காரியாலயத்தில் நீண்ட லீவு சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். ஈஸ்ட் ஹாம் பக்கம் வீடு. வாசலை விட்டு இறங்கினால் தமிழில் எழுதிய கடைப் பலகைகள். முருங்கைக்காயும் உண்டு, சின்ன வெங்காயமும் உண்டு. "அப்புறம் என்ன குறை உனக்கு?" என்றுதானே கேட்கிறீர்கள்?

திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் சாம்பார் இட்லி சாப்பிட்டவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். 1948-ல் ஆரம்பித்த ஹோட்டல் அது. ஆரம்பித்தவர்கள் வடநாட்டுக் குடும்பத்தார். "நமக்குச் சாம்பார் ஊற்ற வடக்கேயிருந்து ஆள் வரவேண்டியிருந்தது, பார்!" என்று என் மாமனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தட்டில் இரண்டு இட்லி வரும். பின்னாலேயே சர்வர் பாத்திரத்தோடு வந்து ஊற்றுவார், ஊற்றுவார், இட்லி முழுகும் வரை ஊற்றுவார். நாம் ஸ்பூனால் இட்லியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இட்லி பாதியில் இருக்கும்போதே சாம்பார் தீர்ந்தால், மறுபடியும் பாத்திரம் வந்து நிற்கும்.

லண்டனிலும் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். இட்லி நன்றாகவே இருந்தது. சாம்பார், சந்தனக் கிண்ணம் போன்ற ஒன்றில் வந்தது. "இன்னும் கொஞ்சம்" என்றேன். கொண்டுவந்தார்கள். பில்லிலும் கொண்டுவந்தார்கள்! காசு பெரிதல்ல. ஆனால் விலை தெரிந்த பிறகு மூன்றாவது கிண்ணம் கேட்க எனக்கு வாய் எழவில்லை.

சரி, வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம் என்றால், குளிர்காலம் வந்துவிட்டது. இட்லி மாவு பொங்குவதற்கு 25, 30 டிகிரி உஷ்ணமாவது வேண்டும். அந்த ஊர்ச் சமையலறையில், இரவு ஹீட்டரை அணைத்துவிட்டால், மாவும் நம்மைப்போல் போர்த்திக்கொண்டு தூங்கிவிடும். அடுப்புப் பெட்டிக்குள் விளக்கை மட்டும் ஏற்றி மாவை உள்ளே வைப்பது அங்கே நம் பெண்கள் எல்லாரும் அறிந்த உபாயம். விடிந்ததும் பிள்ளைத் தொட்டிலை எட்டிப் பார்க்கிற மாதிரி கண்ணாடி வழியே பார்ப்பேன். பொங்காத நாட்களில் ரவா இட்லி. (இரண்டாம் உலக யுத்தத்தில் அரிசி கிடைக்காதபோது பெங்களூர் எம்.டி.ஆர். ஹோட்டல்காரர்கள் கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொள்கிறார்கள். யார் கண்டுபிடித்தால் என்ன, புண்ணியவான்கள்!)

அப்புறம் அம்மா மூன்று மாதம் தங்க வந்தாள். அம்மாவின் சாம்பார் எந்த ஹோட்டல் சாம்பாருக்கும் ஒரு படி மேல். இதை அவள் படிப்பாள் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்காகவே பெரிய பாத்திரம் நிறையச் செய்து, இட்லி முழுக முழுக ஊற்றினாள். வாயில் வைத்தேன். அமிர்தம். இருந்தாலும் ஏதோ ஒன்று இல்லை.

"நீயும் உட்காரேன், அம்மா."

"நீங்கள் ஆறுவதற்குள் சாப்பிடுங்கள். அடுத்த ஈடு வெந்துகொண்டிருக்கிறது."

அடுப்பருகில் நின்றுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தேன். என் காலேஜ் நாட்களில், மாதம் ஒரு சனிக்கிழமை, பார்த்தசாரதி கோயிலுக்குப் போய்விட்டு இருவரும் ரத்னா கபேக்குப் போவோம். அங்கே அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள், மடியில் கைப்பையோடு. முதல் ஈட்டு இட்லி, ஆவி பறக்க, அவள் தட்டில் இருக்கும். சர்வர் வந்து, "அம்மா, சாம்பார்?" என்பார். அம்மா கொஞ்சம் கூச்சத்தோடு தட்டை நகர்த்துவாள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா கேட்டதில்லை, அண்ணன் கேட்டதில்லை, நானும்தான். வீட்டில் அவளுக்கு வருவது கடைசி ஈடு, துணியில் ஒட்டிப் பிய்ந்த இட்லி, பாத்திரத்தின் அடியில் தங்கிய சாம்பார்.

அவளிடமே சொன்னேன். சிரித்தாள். "ஏண்டி, அங்கே நான் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொள்வேன், ஞாபகம் இருக்கா? வீட்டிலே இரண்டாம் தடவைக்கு எங்கே மீதி இருக்கும்?"

என் கணவர் எழுந்தார். "நீங்க உட்காருங்க, அத்தை" என்று அடுத்த ஈட்டை அவரே எடுத்தார். இரண்டு இட்லி பிய்ந்தது. அதை அவர் தம் தட்டில் தள்ளிக்கொண்டார். முழு இட்லிகளை அம்மாவுக்கு வைத்துச் சாம்பாரைச் சாய்த்தார். மேஜை விரிப்பில் பாதி, தட்டில் பாதி.

"போதும், மாப்பிள்ளை, போதும்" என்றாள் அம்மா. தட்டை மட்டும் அவள் பின்னுக்கு இழுத்துக்கொள்ளவில்லை.