ராஜாவே ஓட்டுப் போடச் சொன்ன நாடு!

செமஸ்டர் லீவுக்கு ஃபாரின் டூர் பிளான் போடுற கேங் முதல்ல பார்ப்பது பட்ஜெட். அடுத்தது, போட்டோவுக்கு நல்ல மலை இருக்கா என்பது. ‘அந்த ஊர்ல ஆட்சி எப்படிப்பா இருக்கு?’ என்று கேட்பது வீட்டில் அப்பா மட்டும்தான்! யோசிச்சுப் பார்த்தா, முதலில் கேட்க வேண்டியதே அதுதான். பஸ் ஓடுமா, கடை திறந்திருக்குமா, ஊரடங்கில் மாட்டாம ரூமுக்குத் திரும்புவோமா... எல்லாமே அதில்தான் அடக்கம்.

இந்தப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்குற பக்கத்து வீட்டுக்காரர், பூடான்!

மற்ற நாடுகளில் ஜனங்க தெருவில் இறங்கி ராஜாவை இறக்குவாங்க. இங்கே கதையே தலைகீழ். ‘இனி நீங்களே ஆட்சி பண்ணுங்க’ என்று சொன்னவர் ராஜா. ‘ஐயோ, நீங்களே இருங்க சாமி’ என்று தயங்கியது ஜனங்க! நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக், 2006-ல் மகனிடம் மகுடத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். ஓட்டுன்னா என்னன்னே பழக்கமில்லாத மக்களுக்காக 2007-ல் ஒத்திகைத் தேர்தல் நடந்தது. மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை என்று நாலு கற்பனைக் கட்சிகள். வேட்பாளர்கள் யார் தெரியுமா? பள்ளிக்கூடப் பசங்க! பாரம்பரியம் பேசிய மஞ்சள் கட்சி 47-ல் 46 தொகுதிகளை அள்ளியது. மஞ்சள், ராஜாவின் நிறம். புரியுதா?

நிஜத் தேர்தல் 2008 மார்ச்சில் நடந்தது. அதே வருஷம் அரசியல் சட்டமும் வந்தது. அதில் மூன்று விஷயம் சுவாரஸ்யம். ராஜாவுக்கு 65 வயதில் ரிட்டயர்மென்ட். நாட்டில் 60 சதவிகிதம் எப்போதும் காடாகவே இருக்கணும். எம்.பி. ஆகணும்னா டிகிரி முடிச்சிருக்கணும். அரியர் வெச்சிருக்கிறவங்க கவனிக்க!

2013, 2018, 2024 என்று ஒவ்வொரு தேர்தலிலும் ஆளுங்கட்சி மாறியது. ஆனா ஒரு தடவைகூட ஊர் பற்றி எரியலை. 2018-ல் பிரதமரான லோட்டே ஷெரிங் ஒரு டாக்டர். பதவியில் இருந்தப்பவே சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் பண்ணினார்.

டூரிஸ்ட்டுக்கு இதனால் என்ன லாபம்? திம்புவில் டிராஃபிக் சிக்னலே கிடையாது. போலீஸ்காரர் கை காட்டினா வண்டி நிற்குது! கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் அரசாங்கம்தான். 2020-ல், இந்தியர்களுக்கு ராத்திரிக்கு 1,200 ரூபாய் என்று ஒரு கட்டணத்தைச் சட்டமா கொண்டு வந்தாங்க. 2022 செப்டம்பரில் மற்ற நாட்டுக்காரர்களுக்கு 200 டாலர் ஆக்கினாங்க, அடுத்த வருஷமே அது 100 ஆகக் குறைந்தது. நமக்கு விசா வேண்டாம், பர்மிட் வேண்டும். ரயிலில் போனா ஹாசிமாரா ஸ்டேஷனில் இறங்கி, ஜெய்கான் வழியா ஃபுன்ஷோலிங் கேட்டுக்குள் நுழையலாம். விதிகள் அடிக்கடி மாறும், கிளம்பும் முன்னாடி பார்த்துக்கோங்க. ராஜாவைப் பற்றிக் கமென்ட் அடிக்கிற வேலை மட்டும் வேண்டாம்!

இவ்வளவு அமைதியான நாட்டுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. ‘ஒரே நாடு, ஒரே மக்கள்’ என்று ஒரே உடை, ஒரே பண்பாட்டை வலியுறுத்தியபோது, தெற்கே வாழ்ந்த நேபாளி பேசும் மக்கள் எதிர்த்தார்கள். 1990-களின் தொடக்கத்தில், குடியுரிமை இழந்தும் விரட்டப்பட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் நேபாள அகதி முகாம்களுக்குப் போனார்கள். 2007-லிருந்து அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் குடியேறினார்கள். ‘மகிழ்ச்சியின் நாடு’ போஸ்டரில் அவங்க முகம் இல்லை.

இன்னொரு கூட்டமும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. இவர்களை யாரும் விரட்டலை. வேலை தேடி ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறும் நம்ம வயசுப் பசங்க! இவர்களை உள்ளூரிலேயே நிறுத்த, கெலஃபு என்ற இடத்தில் புது நகரம் கட்டப்போவதாக 2023 டிசம்பரில் மன்னர் அறிவித்தார்.

ஆக, ‘ஊர் அமைதியா இருக்கா?’ என்று கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். அந்த அமைதியில் யாருக்கெல்லாம் இடம் இருக்கு என்று கேட்டால்தான் மீதி கிடைக்கும். பூடான் போங்க, மலையை ரசிங்க. டீக்கடையில் ஒரு காலேஜ் பையன் கிடைத்தால், ‘படிச்சு முடிச்சதும் என்ன பிளான்?’ என்று கேளுங்க. எந்த கைடும் சொல்லாத பூடானை அவன் சொல்லுவான்!