தேக்காவில் சீவாளி தேடி

தேக்காவில் கிடைக்காத தமிழ்ப் பொருள் என்று ஒன்றைச் சொல்வது கடினம். வாழை இலை, மாவிலை, மல்லிகைச் சரம், பனங்கற்கண்டு, குத்துவிளக்கு, அகல்விளக்குத் திரி என்று ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு வேண்டியதை ஒரே மாலையில் வாங்கிவிடலாம். என் அக்காள் மகன் பதினான்கு வயதில் “நாதஸ்வரம் கத்துக்கணும் மாமா” என்று நின்றபோது, அவனுடைய முதல் சீவாளியைத் தேடி நாங்கள் போனதும் அங்கேதான்.

பஃப்ளோ ரோட்டில் தொடங்கி கேம்பல் லேன் வரை நடந்தோம். தபேலா இருந்தது, ஆர்மோனியம் இருந்தது, மின்சாரச் சுருதிப் பெட்டியும் புல்லாங்குழலும் இருந்தன. சீவாளி மட்டும் நாங்கள் நுழைந்த கடைகளில் இல்லை. ஒரு கடைக்காரர் வழி சொன்னார்: “அது கோயில்ல கேளுங்கண்ணே. ஊதுறவங்க ஊர்லேருந்து கொண்டாந்து வச்சிருப்பாங்க.”

இந்த வட்டாரத்தின் பழைய மலாய்ப் பெயர் கண்டாங் கெர்பாவ். எருமைத் தொழுவம் என்று பொருள். ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் கரையோரப் புல்லும் இருந்ததால் இங்கே கால்நடை வணிகம் வளர்ந்தது. அதையொட்டித் தமிழர்கள் வந்தார்கள். தொழுவங்கள் போய்விட்டன, கோயில்கள் நிற்கின்றன. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைத் தாண்டி நடந்தால் 1855ல் தோன்றிய ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். 1978ல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இந்தச் சாலையில் கூட்டமாகப் போகிறவர்கள் நாதஸ்வரத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் ஊதுகிறவரின் உதட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு.

ஒரு கோயிலில் பணிபுரியும் வித்துவான் எங்களை மதிய வேளையில் வரச் சொன்னார். திருவாரூர்ப் பக்கத்துக்காரர். ஒப்பந்தத்தில் வந்திருப்பவர். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்தார். உள்ளே துணி விரித்து, அதன்மேல் இருபது சீவாளிகளுக்கு மேல் அடுக்கியிருந்தார். எல்லாம் திருவாவடுதுறையிலிருந்து வந்தவை.

சீவாளி என்பது காவிரிக் கரையில் விளையும் நாணல். அதை வெட்டி, பல மாதம் காயவைத்து, வேகவைத்துப் பதப்படுத்தி, இரண்டு இதழ்களாகத் தட்டையாக்கி, அடியில் நூலால் இறுகக் கட்டுகிறார்கள். அதைக் கெண்டை என்னும் சிறிய உலோகக் குழாயில் செருகி, கெண்டையை உலவு என்னும் மரக்குழலின் தலையில் பொருத்துவார்கள். குழலின் கீழ்முனையில் விரிந்திருப்பது அணசு. ஆச்சா மரத்தில் கடைந்த குழலுக்கு நரசிங்கம்பேட்டை பெயர்போனது; 2022ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் எவ்வளவு நல்ல குழலானாலும் இரண்டு இதழ்களும் துடித்தால்தான் சத்தம். வாத்தியத்திலிருந்து தொங்கும் நூல்களில் மாற்றுச் சீவாளிகளும் ஓர் ஊசியும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரத்துக்கு அல்ல. கச்சேரி நடுவே சீவாளி அடைத்துக்கொண்டால் ஊசி சரிசெய்யும். ஊசிக்கும் அடங்காவிட்டால் அடுத்த சீவாளி ஏறும்.

வித்துவான் ஒவ்வொன்றாக எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு இதழ்களும் ஒரே கனத்தில் இருக்கின்றனவா, நுனியில் விரிசல் உண்டா, நூல்கட்டில் காற்றுக் கசியுமா என்பவை முதல் சோதனை. அடுத்தது வாய். இதழ்களின் இடைவெளி அகலமாக இருந்தால் மூச்சு அதிகம் கேட்கும். குறுகியிருந்தால் கொஞ்சம் அழுத்தினாலே மூடிக்கொள்ளும். கனமான சீவாளிக்கு நாதம் கெட்டி, ஆனால் புதியவனின் உதட்டுக்கு அது அடங்காது. மெல்லியது உடனே பேசும், மேல்ஸ்தாயிக்குப் போனால் கைவிட்டுவிடும்.

“சட்டுனு சத்தம் வர்றதை எடுக்காதீங்க தம்பி. அது உங்களுக்கு ஒண்ணும் கத்துக்குடுக்காது. அதுக்காகப் பெரியவங்க ஊதுற கனத்தையும் எடுக்காதீங்க, ஒரு வாரத்துல வாத்தியமே வேணாம்னு போயிடுவீங்க” என்றார். நடுத்தரமாக ஐந்து எடுத்து வைத்தார். ஒன்றை எச்சிலில் ஊறவிட்டு, குழல் இல்லாமல் சீவாளியை மட்டும் ஊதச் சொன்னார். முதலில் காற்று. பிறகு ஒரு கிறீச்சல். பதினைந்து நிமிடம் கழித்து, நூலிழை போல ஆனாலும் நேராக, ஒரே ஒரு ஒலி வந்தது. “இதான். ஒரு மாசம் இது போதும்” என்றார்.

மூச்சு எங்கிருந்து வரவேண்டும் என்பதுதான் பாடத்தின் பெரும்பகுதி. வட அமெரிக்காவில் கனடா வாத்து எனப்படும் பெரிய பறவையை வேட்டையாடுகிறவர்கள் அதைக் கூப்பிட ஒரு சிறு குழல் வைத்திருப்பார்கள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு ஒன்று துடிக்கும். கன்னத்தை உப்பி ஊதினால் அதில் பறவைக் குரல் வராது. அடிவயிற்றிலிருந்து வரும் மூச்சு வேண்டும் என்றுதான் அங்கேயும் புதியவர்களுக்குச் சொல்கிறார்கள். நாணலானாலும் பிளாஸ்டிக்கானாலும் விதி ஒன்றே. நாதஸ்வரத்தில் இன்னும் ஒரு படி கூடுதல். விரல் வைக்க ஏழு துளைகள்தான். கமகமும் நுண்ணிய சுரங்களும் விரல் பாதி திறப்பதிலும் உதடும் மூச்சும் கூட்டிக் குறைப்பதிலும் பிறக்கின்றன. ‘து’, ‘கு’ என்று நாக்கால் வெட்டும் துத்துக்காரம் அதற்குப் பிறகு. இன்று பெரும்பாலோர் ஊதும் நீளமான பாரி நாதஸ்வரத்தைப் புகழ்பெறச் செய்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. பழைய திமிரியைவிட அது சுருதி தாழ்ந்தது, மூச்சு அதிகம் வாங்குவது.

சீவாளி கிடைத்துவிட்டது. சிங்கப்பூரில் சிக்கல் அதற்குப் பிறகுதான்: எங்கே ஊதுவது?

இந்தத் தீவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வீவக அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தையோ இரவு வேலை முடித்துத் தூங்குகிறவரோ இருப்பார். வீணையைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கலாம். நாதஸ்வரம் திறந்த வெளிக்கும் தேரோடும் வீதிக்கும் பிறந்த வாத்தியம். அணசில் துணியை அடைத்தாலும் பயனில்லை. ஒலி விரல் துளைகள் வழியாகவும் வருகிறது. வீட்டில் சீவாளியை மட்டும் ஊதலாம், அதுவும் பகலில், சன்னலைச் சாத்திவிட்டு. குழலோடு ஊத வெளியே போகத்தான் வேண்டும்.

நாங்கள் கண்டுபிடித்த இடம் ஈஸ்ட் கோஸ்ட் பார்க். ஞாயிறு காலை, பிடோக் படகுத்துறைக்குச் சற்றுத் தள்ளி, கடலைப் பார்த்து நின்றுகொள்வான். எதிரே நங்கூரமிட்ட கப்பல்கள். கடற்காற்று பாதிச் சத்தத்தைத் தின்றுவிடும். மூன்றாவது வாரம் தூண்டிலோடு வந்த சீனப் பெரியவர் ஒருவர் நின்று கேட்டுவிட்டு, “சுவோனாவா?” என்றார். சுவோனாவும் இரட்டை இதழ் நாணலில் ஒலிப்பதுதான். முனையில் உலோக அணசு. சீன இறுதி ஊர்வலத்திலும் கோயில் விழாவிலும் நாம் கேட்கும் அந்தக் கூர்மையான குரல் அதனுடையது. சிலாட் ஆட்டத்துக்கு ஊதும் மலாய் செருனாய்க்கு ஓலையில் செய்த இதழ்கள். இவற்றையெல்லாம் ஒரு குடும்பம் என்று சொல்லலாம். எல்லாருக்கும் பெரிய குரல், எல்லாருக்கும் இடம் வேண்டும்.

இடம் என்பது இந்த நகரில் எப்போதும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். 1973ல் தைப்பூச ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. சிராங்கூன் சாலையிலிருந்து தேங்க் ரோடு வரை காவடிகள் நடந்தன. மேளம் கோயில்களுக்குள் நின்றது. 2016ல் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. பிறகு தளர்வுகள் கூடின. இடையில் ஒரு தலைமுறை, சாலையில் காவடியோடு நாதஸ்வரம் வருவதைக் கேட்காமலே வளர்ந்துவிட்டது.

இப்போது நம் கோயில்களில் ஊதுகிறவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வருகிறவர்கள். அவர்களுடைய இசையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும். எங்கள் வித்துவானுக்கு அடுத்த ஆடியோடு முடிகிறது. அதற்குள் பையனுக்குச் சரளி வரிசையை முடித்து, கம்பீர நாட்டையில் ஒரு சின்ன மல்லாரியாவது கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். சாமி புறப்பாட்டுக்கு ஊதுவது அது.

“நான் போனப்புறம் சீவாளிக்கு என்ன பண்ணுவீங்க?” என்று ஒருநாள் அவரே கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். வாங்கும் இடத்தின் விலாசத்தைத் தாளில் எழுதித் தந்தார். நம் ஊர் ஈரக்காற்றில் பூசணம் பிடிக்கும் என்பதால், ஊதி முடித்ததும் துடைத்து, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகும் டப்பாவில் வைக்கச் சொன்னார். ஒன்றையே நம்பாமல் மூன்றை மாற்றி மாற்றி ஊதவும், இதழ் தளர்ந்தால் விரலால் மெல்ல அழுத்தி வாயைச் சரிசெய்யவும் கற்றுக்கொடுத்தார். கத்தியால் நுனியைச் சீவுவதை மட்டும் இன்னும் அனுமதிக்கவில்லை.

கோயில்களிலும் சமூக மன்றங்களிலும் பகல் வேளையில் சும்மா இருக்கும் அறைகள் எத்தனையோ. வாரத்துக்கு இரண்டு மணி நேரம், கதவைச் சாத்தி, ஒரு பிள்ளைக்குத் திறந்துவிட்டால் போதும். எங்களுக்கு ஒரு கோயிலின் பின்கூடம் புதன்கிழமைகளில் கிடைத்திருக்கிறது. ஐந்து சீவாளிகளில் இரண்டு போய்விட்டன. மூன்றாவது இப்போதுதான் அவன் உதட்டுக்குப் பழகி வருகிறது.