பாயிரம் இல்லாப் பொருள்கள்

'ஏலம்' என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். ஒன்று, உணவிற்கு மணமூட்டும் ஏலக்காய். மற்றொன்று, பலர் கூடிய அவையில் விலையைப் படிப்படியாக ஏற்றி, மிகுதியாகக் கேட்டவர்க்குப் பொருளை விற்கும் முறை. முன்னது நம் மலைகளில் விளைவது. பின்னது கடல் கடந்து வந்தது. போர்ச்சுக்கீசியர் 'லெய்லாவோ' என்று வழங்கிய சொல்லே நம்மவர் நாவில் 'ஏலம்' ஆயிற்று என்பர் சொல்லாராய்ச்சி வல்லார். கோயில் தென்னந்தோப்பையும் ஏரி மீனையும் ஏலம் விடக் கண்டு வளர்ந்தவன் யான். கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் மடிந்த உயிரின் உடலையும், ஒரு குலத்தார் தொழுத பொருளையும் அவ்வாறே விற்பர் என்பதை முதுமையில்தான் கண்டேன்.

பணியினின்று ஓய்வு பெற்றபின் என் மகனைக் காண இலண்டன் சென்றிருந்தேன். ஏலத்திற்கு முன்பு பொருள்களை யாவரும் வந்து பார்க்கலாம் என்பது அந்நாட்டு வழக்கம். அங்ஙனம் ஓர் ஏலக்கூடத்தில் நுழைந்தபோது, ஒரே மேசைமீது மூன்று பொருள்கள் இருந்தன. ஒன்று, நத்தைபோல் சுருண்டு கல்லாகிவிட்ட கடலுயிரின் ஓடு, மடகாஸ்கரிலிருந்து வந்தது. மற்றொன்று, ஆப்பிரிக்க மரமுகமூடி. மூன்றாவது, நம் நாட்டுப் பாவை விளக்கு! ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலால் ஓர் எண் கட்டப்பட்டிருந்தது. விளக்கிற்குரிய குறிப்பில் உயரம், எடை, உலோகம், எதிர்பார்க்கும் விலை அனைத்தும் இருந்தன. ஊர் மட்டும் இல்லை. 'தென்னிந்தியா, 18-ஆம் நூற்றாண்டு' என்று முடிந்திருந்தது.

குனிந்து பார்த்தேன். பீடத்தின் விளிம்பில் தமிழெழுத்துகள்! 'உபயம்' என்னும் சொல் தெளிவாக விளங்கிற்று. அதற்கு முன் இருந்திருக்கவேண்டிய பெயரும் ஊரும் அரத்தால் தேய்த்தவைபோல் மழுங்கியிருந்தன. எந்தக் கோயிலில் எவர் ஏற்றிய விளக்கோ! அவ்வூரில் அதனைத் தேடுவார் இன்றும் உளரோ, இலரோ! ஏலக்கூடத்துப் பணியாளர், "இதனை வாங்கும் எண்ணம் உண்டா, ஐயா?" என்று பணிவுடன் வினவினார். 'இல்லை' எனத் தலையசைத்தேன்.

மாணவர்களே, ஒரு நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்று நம் இலக்கண ஆசிரியர் வற்புறுத்துவர். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை முதலாக எட்டுச் செய்திகளைச் சிறப்புப்பாயிரம் உணர்த்தவேண்டும் என்பது நன்னூலார் கூறும் விதி. இளமையில் அதனை மனப்பாடம் செய்தபோது வெறும் சடங்கெனவே தோன்றிற்று. பொருளுக்கும் பாயிரம் வேண்டும் என்பது அம்மேசையருகே நின்றபோதுதான் புலப்பட்டது. யார் செய்தது, எங்கிருந்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பவை அறியப்படாத பொருள் அழகாக இருக்கலாம். ஆயின் அது பேசாது.

கல்லுக்குமா பாயிரம் என்று வினவுவீர்கள். அச்சுருள் ஓட்டினத்தை 'அம்மோனைட்டு' என்பர். வைணவர் இல்லங்களில் வழிபடும் கண்டகியாற்றுச் சாளக்கிராமங்களுள்ளும் அவ்வினத்தின் படிவங்கள் உண்டு. (சாளக்கிராமத்தை விலை பேசலாகாது என்பது பெரியோர் மரபு.) நம் அரியலூர்ப் பகுதியிலும் அவை கிடைக்கின்றன. அங்கு ஒரு காலத்தில் கடல் அலை வீசியது என்பதை அவ்வோடுகளே உணர்த்தின. இன்ன ஊரில், இன்ன மண்ணடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பிருந்தால்தான் அந்தச் சான்று நிற்கும். குறிப்பு தொலைந்தால் எஞ்சுவது மேசையை அணிசெய்யும் கல்லே.

பொய்ப்பாயிரம் எழுதுவாரும் உண்டு. 2012-ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கு நகரில் தார்போசாரஸ் என்னும் பேருருவப் பல்லியின் எலும்புக்கூடு ஏலத்திற்கு வந்தது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது. கேட்ட விலை 10 லட்சம் டாலருக்கு மேல். அதனை அமெரிக்காவிற்குள் கொண்டுவந்தபோது அளித்த தாளில் பிறந்த நாடு பிரிட்டன் என்றும், மதிப்பு 15,000 டாலர் என்றும் எழுதியிருந்தனர்! மங்கோலிய அறிஞர் போலோர்செட்செக் மின்ஜின் என்னும் பெண்மணி இவ்வேலத்தைப் பற்றி அறிந்து தம் நாட்டு அரசை விழிப்பித்தார். அறிஞர்கள் எலும்புகளை ஆராய்ந்து, அவை மங்கோலியாவின் கோபிப் பாலைநிலத்தினவே என உறுதி செய்தனர். அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கில் எதிரியாகப் பெயர் சுட்டப்பட்டது எந்த மனிதரும் அல்லர், அந்த எலும்புக்கூடே! வாய் திறவாத அவ்வெதிரி 2013-ஆம் ஆண்டு மே மாதம் மங்கோலியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஏலத்தில் வாங்குவோர் அனைவரும் தீயர் என்று எண்ணற்க. 1990-ஆம் ஆண்டு தெற்கு டகோட்டாவில் சூசன் ஹென்றிக்சன் என்னும் பெண்மணி கண்டெடுத்த டைரனோசாரஸ் எலும்புக்கூடு, உரிமை குறித்த நெடிய வழக்கின்பின் 1997-இல் ஏலத்திற்கு வந்தது. சிக்காகோ நகரின் ஃபீல்டு அருங்காட்சியகம் பிறர் பொருளுதவியுடன் 83 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு அதனை வாங்கியது. 2000-ஆம் ஆண்டு முதல் சிறுவரும் முதியவரும் அதனைக் கண்டு மகிழ்கின்றனர். செல்வர் ஒருவரின் மாளிகைக்குள் அது மறைந்திருக்கவும் கூடும்.

இனி, பாயிரம் ஐயமறத் தெரிந்த பொருள்களே விலைக்கு வந்தால் என் செய்வது? என்னை நெடுநாள் வருத்திய வினா இதுவே. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹோப்பி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்தம் வழிபாட்டிற்குரிய முகவடிவங்கள் ஏறக்குறைய 70, 2013-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் பாரிசு நகரில் ஏலத்திற்கு வந்தன. அவற்றை முகமூடி என்று அம்மக்கள் கூறார், 'நண்பர்' என்பர், உயிருடையன என மதிப்பர். விற்பனையைத் தடுக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் முறையிட்டனர். மாந்தர் உடலோடு இவற்றை ஒப்பவைத்துக் காக்கச் சட்டத்தில் இடமில்லை என நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஏலமும் நடந்தேறியது. இம்முடிவு சட்டத்திற்குப் பொருந்தலாம்; என் நெஞ்சிற்குப் பொருந்தவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் அந்நகரிலேயே மீண்டும் ஓர் ஏலம். தடுக்கும் முயற்சி இம்முறையும் தோற்றது. ஆயினும் முகமறியா ஒருவர் தொலைபேசி வாயிலாக ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டே வந்தார். அவர் யார் என்பது கூடத்தில் எவர்க்கும் தெரியாது. தெரிந்திருந்தால் விலை ஏறியிருக்கும். ஏலம் முடிந்தபின்னரே உண்மை வெளியாயிற்று. அமெரிக்காவின் அன்னன்பர்க் அறநிறுவனம் 5 லட்சத்து 30 ஆயிரம் டாலர் செலவிட்டு 24 பொருள்களை வாங்கியிருந்தது. அவற்றுள் 21 ஹோப்பி மக்களுக்கும், 3 சான் கார்லோஸ் அப்பாச்சி மக்களுக்கும் உரியவை. அந்நிறுவனம் அவற்றுள் ஒன்றையும் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. அனைத்தையும் அவ்விரு குலத்தாரிடமே சேர்ப்பித்தது.