ஈஸிசேருக்குச் சக்கரம் முளைத்தால்...

விழுப்புரத்தில் வாக்கப்பட்டு, திண்டிவனத்தில் பிறந்த வீடும் இருக்கிறவள் கொடுத்து வைத்தவள் என்று என் நாத்தனார் அடிக்கடி சொல்வாள். இருக்காதா பின்னே! நடுவில் சுமார் 37 கிலோமீட்டர்தான். காலை டிபனை இங்கே முடித்துக்கொண்டு கிளம்பினால், பதினொரு மணிக் காபி அம்மா கையால்.

எத்தனை தடவை போனாலும் அந்த ரோடு எனக்கு அலுப்பதில்லை. முண்டியம்பாக்கத்தில் கரும்பு சீசன் என்றால் ஆலையின் சர்க்கரைப்பாகு வாசனை காருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்து விக்கிரவாண்டி. அப்புறம் கூட்டேரிப்பட்டு. அங்கே மயிலம் போகிற திருப்பம் வந்ததும், ஓட்டிக்கொண்டிருந்தாலும் இவர் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். "ரெண்டு கையாலயும் பிடிங்க, முருகன் கோவிச்சுக்க மாட்டார்" என்று நான் சொல்வதும் வழக்கம்தான்.

போன மாதம் நாங்கள் போனது அப்பாவுக்காக.

அப்பா திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். வேர்க்கடலை, எள் ரகங்களுக்கு 'டி.எம்.வி.' என்று பெயர் வைக்கிறார்களே, அந்த மூன்று எழுத்தும் எங்கள் ஊர்ப் பெயர்தான். 'எங்க ஊரு பேரு இல்லாம நீங்க கடலை உருண்டை சாப்பிட முடியாது' என்று சம்பந்தி வீட்டில் கூட ஜம்பம் அடிப்பார். சைக்கிளில்தான் வேலைக்குப் போனார், சைக்கிளில்தான் ரிட்டயர் ஆனார். அதற்குப் பிறகும் காலையில் மார்க்கெட், மாலையில் ஸ்டேஷன் பக்கம் ஒரு சுற்று. பால்காரர் வராவிட்டால் கூடத் தெருவில் யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்பாவின் சைக்கிள் மணி கேட்கவில்லை என்றால் "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று வந்து விடுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலை சுற்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. காதுக்குள் இருக்கிற, உடம்பை நேராக நிறுத்தும் அமைப்பில் கோளாறு என்றார் டாக்டர். சர்க்கரை வியாதியால் பாதத்தில் உணர்ச்சியும் குறைந்திருந்தது. கட்டு பிரித்த அன்றே அம்மா சைக்கிளைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போய், அதன் மேல் துணி காயப்போட ஆரம்பித்து விட்டாள். அப்பா திண்ணையில், ஈஸிசேரில். அவ்வளவுதான். ஆறு மாதத்தில் பேச்சு பாதியாகிவிட்டது. சாப்பாடும் குறைந்தது.

இவர் ஒரு யோசனை சொன்னார். பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிள் நம் நாட்டிலேயே கிடைக்கிறது, வாங்கித் தரலாம் என்று. அப்பா தலையை நிமிர்த்தாமலே, "வேணாம் மாப்ளே. தெருவுல எல்லாரும் 'ஐயோ பாவம்'னு பார்ப்பாங்க" என்றார். நம் ஊரில் மூன்று சக்கரம் என்றால் மனசில் வருவது இரண்டே வண்டிதான். ஒன்று குழந்தைக்கு வாங்குவது. மற்றது கால் முடியாதவர்கள் கையால் சுற்றி ஓட்டுவது. (அதில் என்ன கேவலம் என்று எனக்குக் கோபம்தான் வரும். அந்தக் கைவண்டியில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்கள் எத்தனை பேர்!) ஆனால் அப்பாவின் மனசு அப்பாவுடையது. வற்புறுத்தவில்லை.

சரி, கோயிலுக்காவது கூட்டிப் போகலாம் என்றுதான் மயிலம். கிருத்திகை, சஷ்டி இல்லாத சாதாரண நாள், கூட்டமில்லை. சூரபத்மன் மயிலாகத் தவம் செய்து மலையாகி நின்றான் என்பது தலபுராணம். சின்னக் குன்றுதான். பங்குனி உத்திரத்தின்போது வந்தால் கால் வைக்க இடமிருக்காது. வள்ளி தெய்வானையோடு இருக்கிற முருகனை நிம்மதியாகப் பார்த்துவிட்டு இறங்கினோம்.

அடிவாரத்துப் புளியமரத்தடியில் ஒரே கும்பல். என் பெண் (ஏழாவது படிக்கிறாள்) ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "தாத்தா! உங்க ஈஸிசேருக்கு வீல் வெச்சிருக்காங்க!"

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. இரண்டு வண்டிகள். ஒன்றில் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. மணைக்கட்டையை விடக் கொஞ்சம்தான் உயரம். சாய்ந்து உட்கார வலைத்துணியில் இருக்கை, இரண்டு தொடைக்கும் பக்கத்தில் கைப்பிடி, பெடல் எங்கோ முன்னால் ஒரு குழாயின் நுனியில். அங்கிருந்து பின்சக்கரம் வரைக்கும் நீ...ளமான செயின். உச்சியில் ஆரஞ்சு நிறக் கொடி. இன்னொரு வண்டி இதற்கு மாற்று: முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. இருக்கை சாதாரண நாற்காலி உயரம்.

தாழ்ந்த வண்டிக்குச் சொந்தக்காரன் பதினாலு வயதுப் பையன். உயர்ந்த வண்டி அவன் பாட்டியுடையது. ஹாலந்துக்காரர்கள். ஆரோவில்லில் தங்கியிருக்கிறார்களாம். அதுவும் நம் விழுப்புரம் மாவட்டம்தானே, வானூர் பக்கம். விடியற்காலை கிளம்பி வந்திருக்கிறார்கள். அந்த அம்மாளுக்கு எழுபத்து மூன்று வயது. இடுப்பு மூட்டு ஆபரேஷன் ஆனவர்!

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். பாட்டி சொன்னார்: "ஆபரேஷனுக்கு அப்புறம் சைக்கிள்ல ஏற காலைத் தூக்கிப் போட முடியலை. விழுந்தா மறுபடி ஆபரேஷன். இது நாற்காலியில உட்கார்ற மாதிரி, அவ்வளவுதான்." பேரனைக் கேட்டால், "இது ரேஸ் கார் மாதிரி, ரோடு காதுக்குப் பக்கத்துல ஓடும்" என்கிறான். ஒரே மாதிரி வண்டி. கிழவிக்கு அது கால், பையனுக்கு அது விளையாட்டு. சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருத்தர் கண்ணிலும் 'ஐயோ பாவம்' இல்லை. எல்லோருக்கும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க மாட்டோமா என்றுதான் இருந்தது. இதை அப்பா கவனித்தாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். கவனித்தார்.

முதலில் என் பெண் ஏறினாள். ஒரே நிமிஷம்தான். மைதானத்தைச் சுற்றிப் பறந்தாள்! அடுத்தது நான். வாசகிகள் சிரிக்கக் கூடாது. எனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. பன்னிரண்டு வயதில் ஏரிக்கரையில் கற்றுக்கொள்ளப் போய் முட்டியைப் பேர்த்துக்கொண்டேன். "பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று அம்மா முடித்து வைத்தாள். புதுக்கோட்டை ஜில்லாவில் 1990களின் தொடக்கத்திலேயே அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அரசாங்கம் மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது 2001இல். இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்ட அசடு நான்! நல்ல வேளை, அன்று சுடிதாரில் இருந்தேன். காலை நீட்டி, பெடலை ஒரு மிதி மிதித்தேன். வண்டி நகர்ந்தது. விழவில்லை. மூன்று சக்கரம், எப்படி விழும்? நாற்பத்திரண்டு வயதில் என் காலால் நானே மிதித்து நாலு கஜம் போனேன். சின்ன விஷயம்தான். தொண்டை அடைத்தது.

"ஆயா, நீயும் ஏறேன்" என்றாள் பெண். அம்மா புடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "காலை ஆகாசத்துல தூக்கிக்கிட்டு, புடவையோடயா? நல்லாருக்கும்!"

அம்மா சொன்னது நியாயம். இந்த வண்டிக்கும் புடவைக்கும் ஒத்து வராது. ஆனால் பாருங்கள், மூன்று சக்கர சைக்கிளுக்கு ஒரு காலத்தில் மவுசு வந்ததே பெண்களின் உடையால்தான். 1880களில் இங்கிலாந்தில் சைக்கிள் என்றால் ஆள் உயரச் சக்கரம். தரை பெருக்கும் கவுனோடு அதில் ஏற முடியுமா? அதனால் சீமாட்டிகள் மூன்று சக்கரத்துக்குப் போனார்கள். விக்டோரியா மகாராணியே ஜேம்ஸ் ஸ்டார்லி செய்த வண்டியை வரவழைத்தார்.

சாய்ந்து ஓட்டுவதன் கதையில் ஒரு தாயார் வருகிறார். பிரான்சில் சார்ல் மோஷே என்பவரின் மனைவி, 'பிள்ளைக்கு சைக்கிள் வேண்டாம், ஆபத்து' என்றாராம். மோஷே சாய்ந்து மிதிக்கிற நாலு சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். அதிலிருந்து சாய்வு சைக்கிள் பிறந்தது. 1933இல் ஃபிரான்சிஸ் ஃபோர் அதில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டர் ஓட்டிப் பழைய சாதனையை முறியடித்தார். பெரிய வீரர்களை இரண்டாந்தர வீரர் ஜெயிப்பதா? 1934இல் சர்வதேச சைக்கிள் சங்கம், போட்டிகளில் இந்த மாதிரி வண்டி செல்லாது என்று விதி போட்டு விட்டது.

இதற்குள் பாட்டி அப்பாவைக் கையைக் காட்டி அழைத்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மலையைப் பார்த்தாள். நான் செருப்பைச் சரியாக மாட்டிவிட்டேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது முக்கியம். கால் பெடலை விட்டு நழுவித் தரையில் மாட்டினால், வண்டி முன்னே போகப் போகக் கால் அடியில் இழுபடும். அதனால் பெடலில் பட்டை இருந்தது. பேரன் அதைப் பாதத்தைச் சுற்றிக் கட்டினான்.

ஒரு சுற்று. மெதுவாக, ரொம்ப மெதுவாக. இரண்டு சக்கர வண்டியில் அந்த வேகத்தில் போனால் விழுந்து விடுவோம். இதில் ஆமை மாதிரி போகலாம், நடுவில் நின்று ஊர்க்கதை பேசலாம். இரண்டாவது சுற்றில் அப்பாவுக்குக் கியர் பிடிபட்டது. மூன்றாவது சுற்றில் இல்லாத மணியைத் தேடிக் கட்டை விரல் போனதைப் பார்த்தேன். நிறுத்தும்போது பழக்க தோஷம், இடது காலை எடுத்து ஊன்றப் போனார். "நோ! நோ!" என்று பேரன் கத்த, அப்பா திகைத்து, பிறகு சிரித்தார். "கால் ஊன வேணாமாம்டி!" இரண்டு வருஷத்தில் அம்மாவிடம் அவர் சிரித்துச் சொன்ன முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கிற சகோதரிகளுக்காக நான் விசாரித்ததைச் சொல்லி விடுகிறேன். முதுகுக்கு முழுக்க அணைப்பு இருப்பதால் மணிக்கட்டிலும் இடுப்பிலும் பாரம் விழாது. முட்டிக்கு நல்லதுதான், லேசான கியரில் வேகமாக மிதித்தால். முதுகைச் சாய்த்துக்கொண்டு கடினமான கியரை உந்தினால் முட்டி போய் விடும். முட்டி வலி உள்ளவர்கள் தாழ்ந்த வண்டி பக்கம் போகவே வேண்டாம். உட்காருவது சுலபம், எழுந்திருக்க இரண்டு ஆள் தேவை! திருப்பத்தில் வேகம் கூடாது. மூன்று சக்கரமும் சாயும், முக்கியமாக உயர்ந்த வகை. தலை சுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. வண்டி விழாது, சரி. ஓட்டுகிறவருக்குக் கண் இருட்டினால்?

பார்க்கின்சன் வியாதிக்காரர் வீட்டில் இருந்தால் இதையும் கேளுங்கள். ஹாலந்தில் நைமேகன் நகரத்து டாக்டர் பாஸ்டியான் புளூம், நாலடி நடந்தாலே கால் உறைந்து நின்றுவிடுகிற 58 வயது நோயாளி ஒருவர் சைக்கிளை மட்டும் சரளமாக ஓட்டுவதைக் கண்டு 2010இல் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். நடை மறந்தாலும் மிதி மறப்பதில்லை சிலருக்கு. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் விழும் பயம் உண்டே, அங்கே மூன்று சக்கரம் துணை செய்யும்.

குறையையும் சொல்லத்தானே வேண்டும்? வெளிநாட்டு வண்டி, லட்சத்தைத் தாண்டும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. ஒரு பள்ளத்தைத் தவிர்த்தால் இன்னொரு சக்கரம் வேறு பள்ளத்தில் இறங்கும், நம் தெருக்களில் கேட்கவா வேண்டும்! லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாத உயரம். ஆகவே விக்கிரவாண்டி நெடுஞ்சாலைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. தெருவுக்கும் மைதானத்துக்கும்தான்.

திரும்பும் வழியில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். வெல்டிங் பட்டறை ஒன்றில் தெரிந்தவர் இருக்கிறாராம். பழைய சைக்கிள் இரண்டை வெட்டினால் சக்கரம் கிடைக்குமாம். இவர் பயந்துபோய், "மாமா, பிரேக் விஷயம், பட்டறையில வேண்டாம். முதல்ல அந்த நிமிர்ந்து ஓட்டுற வண்டியையே போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றார். "சரி மாப்ளே, பார்க்கலாம்" என்றார் அப்பா. ஆச்சரியம்!

வீட்டுக்கு வந்ததும் என் தையல் டேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போனார். ஈஸிசேரின் உயரத்தை அளந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிக் கூடப் பார்க்கவில்லை. காபி ஆற்றும் சத்தத்தோடு குரல் மட்டும் வந்தது:

"வாசக்கால் அகலத்தையும் அளந்துக்குங்க. அப்புறம் ராத்திரியில மழையில நிக்கப் போவுது."