ஒற்றைக் குட்டி

நாயின் சினைக்காலம் 63 நாள் என்று பலரும் சொல்கிறார்கள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. சினைமுட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் அந்தக் கணக்கு ஏறத்தாழச் சரி. இணைந்த நாளிலிருந்து எண்ணினால் 57ஆம் நாளிலும் ஈனலாம், 72ஆம் நாளிலும் ஈனலாம். ஆணின் விந்தணு பெட்டையின் உடலுக்குள் பல நாள் உயிரோடு காத்திருக்கும் என்பது இதற்கு ஒரு காரணம். பெரிய நாயை வளர்ப்பவருக்கு இந்த இரண்டு வாரம் பொறுமையைச் சோதிப்பதோடு பெரும்பாலும் போய்விடும். மூன்று கிலோ எடையுள்ள நாய்க்கு, அதுவும் வயிற்றில் ஒரே குட்டி இருக்கும்போது, அந்த இரண்டு வாரத்திற்குள் எந்த நாளில் நிற்கிறோம் என்பது உயிரைத் தீர்மானிக்கும் கேள்வி.

புணேயில், சதாசிவ் பேட்டையின் பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டின் ஓர் அறையில் திருநெல்வேலியைச் சேர்ந்த மொழியியல் ஆய்வு மாணவி வாடகைக்கு இருக்கிறாள். மூதாட்டியை மராத்தி வழக்கப்படி ‘ஆஜி’ என்றே அழைக்கிறாள். நாயின் பெயர் சிமி. சிட்டுக்குருவியைக் குறிக்கும் ‘சிம்ணி’யிலிருந்து வந்த செல்லப்பெயர். ஐந்து வயது, தலையீற்று, இதயத்தில் இலேசான முணுமுணுப்பு. மொட்டை மாடியில் கீழ்வீட்டுப் பொமரேனியனோடு நேர்ந்த பத்து நிமிடச் சந்திப்பின் விளைவு இது. அந்தத் தேதி மட்டும் ஆஜியின் நாட்காட்டியில் வட்டமிடப்பட்டிருந்தது.

28ஆம் நாள் ஸ்கேனில் ஒரே ஒரு கருவுறை தெரிந்தது. கரு என்று சொல்லத்தக்கதும் அதற்குள் ஒன்றுதான். மருத்துவர் மறைக்காமல் பேசினார். பல குட்டிகள் இருந்தால் இடத்தையும் உணவையும் பங்கிட்டுச் சிறுத்திருக்கும், தனிக்குட்டி பெருத்துவிடும். ஈற்றைத் தொடங்கிவைப்பது கருவின் உடலிலிருந்து எழும் ஹார்மோன் சமிக்ஞை. ஒரு குட்டியின் சமிக்ஞை சில சமயம் போதாது. போதுமான அளவு விரியாத கருப்பையும் சுருங்க மறுக்கும். நாள் தள்ளத் தள்ளக் குட்டி இன்னும் வளரும். ஆகவே, இப்போதே கருப்பையை அகற்றிவிடலாம் என்பது அவர் முன்வைத்த முதல் வழி.

மாணவி அதை ஆதரித்தாள். பகலில், திட்டமிட்டு, தேறிய உடல்நிலையில் செய்யும் அறுவையும் நள்ளிரவில் சோர்ந்துபோன உடலில் செய்யும் அறுவையும் ஒன்றல்ல என்பது அவள் வாதம். ஆஜி மயக்க மருந்துக்கு அஞ்சினார். முணுமுணுக்கும் இதயத்தை மயக்கத்தில் ஆழ்த்தாமலே சிமி தானாக ஈன்றுவிடக்கூடும் என்ற வாய்ப்பை அவர் கைவிட விரும்பவில்லை. இரண்டுமே நியாயமான அச்சங்கள். பின்னால் நேர்ந்த முடிவைக் கொண்டு இவற்றுள் ஒன்றுக்கு மதிப்பெண் போடுவது நேர்மையாகாது. நாய் ஆஜியுடையது, காத்திருப்பது என்று முடிவாயிற்று.

ஆனால், எதுவரை காத்திருப்பது? மாணவி வற்புறுத்தியது இந்த ஒன்றைத்தான். மருத்துவரிடம் கேட்டுக் கேட்டு, ஆஜி தம் பள்ளிக்கூடக் கையெழுத்தில் ஒரு தாள் எழுதினார். குட்டி வரும் முன் பச்சை நிறக் கசிவு கண்டால், நஞ்சு பிரியத் தொடங்கிவிட்டது, உடனே புறப்பட வேண்டும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால் புறப்பட வேண்டும். உடல் வெப்பம் 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கி 24 மணி நேரத்தில் ஈற்றுவலி தொடங்காவிட்டால் புறப்பட வேண்டும். ஒன்றையே காக்க முடியும் என்ற நிலை வந்தால் தாய். அறுவை என்றால் அப்போதே கருப்பையையும் எடுத்துவிடலாம். கீழே கையொப்பம், தேதி. தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டது. கருப்பையை எடுத்தால் பால் வற்றிவிடுமே என்று ஆஜி கேட்டிருந்தார். பாலைச் சுரக்கச் செய்யும் ஆணை மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வருகிறது. கருப்பைக்கு அதில் வேலையில்லை.

மற்ற ஏற்பாடுகள் எளியவை. அட்டைப்பெட்டி, பழைய பருத்திப் புடவைகள், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, வெந்நீர்ப் பை. கட்டடத்தில் மின்தூக்கி இல்லை. ஆஜிக்கு முழங்கால் வலி. எனவே சிமியைச் சுமந்து இறங்குவது மாணவி என்றும், இரவில் அழைத்தால் வருவதாக ஒப்புக்கொண்ட ஆட்டோக்காரரின் எண் இருவர் கைப்பேசியிலும் இருக்க வேண்டும் என்றும் பேசிவைத்தார்கள். பக்கத்து மருத்துவமனை இரவு ஒன்பதுக்கே மூடிவிடும் என்பதால் ஆற்றுக்கு அப்பாலுள்ள இன்னொன்றுக்கு ஒருமுறை ஒத்திகையாகவே போய்வந்தார்கள். அண்டை வீட்டார் அன்போடு கொடுத்த கால்சியம் மாத்திரைகள் மட்டும் பிரிக்கப்படவே இல்லை. சினைக்காலத்தில் வெளியிலிருந்து கால்சியம் ஊட்டினால், எலும்பிலிருந்து அதை எடுத்துத்தரும் சுரப்பி சோம்பிவிடும். பால் சுரக்கும்போது இரத்தத்தில் கால்சியம் சரிந்து வலிப்பு வரலாம். சிறிய இனங்களுக்கே இந்த ஆபத்து மிகுதி.

57ஆம் நாள் எக்ஸ்ரேயில் ஒரு மண்டையோடும் ஒரு முதுகெலும்பும் தெளிவாகத் தெரிந்தன. தலை இடுப்பெலும்பின் வழியே வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். அன்றிலிருந்து நாளுக்கு மூன்று முறை வெப்பம் பார்த்து மாணவி வரைபடம் வரைந்தாள். ஆய்வேட்டின் நான்காம் இயலில் வர வேண்டிய வரைபடங்கள் இன்னும் வரையப்படாமலே இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

66ஆம் நாள் காலை ஆறு மணிக்கு 98.4. பகல் போயிற்று, இரவும் போயிற்று. சிமி புடவையைக் கீறவில்லை, மூச்சிரைக்கவில்லை. மறுநாள் விடியலில் கொஞ்சம் தயிர்சோறுகூட உண்டுவிட்டுச் சுருண்டு உறங்கியது. இவ்வளவு நிம்மதியாக உறங்கும் உயிரை எழுப்பிக் கத்தியின் முன் வைப்பதா, இன்னும் சில மணி நேரம் பார்க்கலாமே என்று சொன்னவள் மாணவி. ஒரு மாதத்திற்கு முன் அறுவைக்காக வாதாடியவள் அவள்தான். ஆஜி எதிர்வாதம் செய்யவில்லை. குளிர்பெட்டிக் கதவைக் காட்டினார். பிறகு செருப்பைத் தேடினார்.

மருத்துவமனையில் குட்டியின் இதயத்துடிப்பு நிமிடத்திற்கு 190 இருந்தது. இருபது நிமிடம் கழித்து 168. நலமான கருவுக்கு 200க்கு மேல் இருக்க வேண்டும். 180க்குக் கீழே இறங்கினால் மூச்சுக்குத் திணறுகிறது என்று பொருள். சிமி ஒரு மணி நேரத்திற்குள் மேசை மேல் இருந்தது. வெளியே வந்த குட்டி முதலில் மூச்செடுக்கவில்லை. உதவியாளர் வாயிலும் மூக்கிலும் இருந்த நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, துண்டால் முதுகை விடாமல் தேய்த்தார். இரண்டு நிமிடத்திற்குப் பிறகு, கதவு கிரீச்சிடுவது போன்ற ஒலி.

மயக்கம் தெளிந்த சிமி குட்டியை யாரோ போலப் பார்த்தது. அறுவையில் பிறந்த குட்டியைத் தாய் உடனே அடையாளம் காணாதது வழக்கம். தாயைப் பிடித்துக்கொண்டு குட்டியைக் காம்பில் சேர்த்தால்தான் சீம்பால் கிடைக்கும். அதுவும் முதல் சில மணி நேரத்திற்குள். அன்று மாலை ஏழு மணி அளவில் சிமி முதன்முறையாகக் குட்டியை நக்கியது. ஆஜி அப்போதுதான் காலையிலிருந்து குடிக்காத தேநீரைக் கேட்டார்.

பிறப்பெடை 176 கிராம். மறுநாள் 171. பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸ் குறையாமல் பார்த்துக்கொண்டு, இரண்டு மணிக்கொரு முறை பாலூட்ட வைத்தார்கள். குட்டிக்குத் தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாத வாரங்கள் அவை. மூன்றாம் நாள் 179, நான்காம் நாள் 190. தராசு சமையலறைக்குத் திரும்பவில்லை என்று ஆஜி குறைப்பட்டுக்கொண்டார். கோதுமை மாவைக் கண்ணளவில் போட்டே அந்த மாதம் ரொட்டி செய்தார்.