க்ளென்டீஸ் சேதிகள்

அயர்லாந்தின் டோனகல் மாவட்டத்துக்காரர்களிடம் ஹைலேண்ட் ரேடியோ என்று சொல்லிப் பாருங்கள். பாட்டு நினைவுக்கு வராது, விளையாட்டு வர்ணனையும் வராது. இறப்பு அறிவிப்புதான் வரும். லெட்டர்கென்னியிலிருந்து 1990 முதல் ஒலிபரப்பாகிற நிலையம் அது. ஒரு நாளில் பலமுறை, அன்றைய சாவுகளை அவசரமில்லாமல் வாசிப்பார்கள். பெயர், ஊர், உடல் எந்த வீட்டில் இருக்கிறது, ஜெபமாலை எத்தனை மணிக்கு, வீட்டிலிருந்து புறப்பாடு எப்போது, பூசை எந்தக் கோவிலில், அடக்கம் எந்தக் கல்லறையில். பூ வீட்டார் வைத்தால் போதும், மற்றவர்கள் இறுதிக்கால நோயாளிகளைப் பார்க்கிற ஹாஸ்பிஸுக்கு நன்கொடை தரலாம் என்று ஒரு வரி வரும். இரவு இத்தனை மணிக்கு மேல் வீட்டாரைத் தனியே விடுங்கள் என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். அடுத்த பெயர்.

க்ளென்டீஸ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நான் நர்ஸாக இருந்தேன். 2000-ஐ ஒட்டி அயர்லாந்து மருத்துவமனைகள் இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் நர்ஸுகளை அழைக்க ஆரம்பித்தன. பெரும்பாலும் மலையாளிகள் போனார்கள். அந்தக் கூட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு திண்டுக்கல் பக்கத்திலிருந்து போனவள் நான். டப்ளினில் கொஞ்ச காலம், பிறகு இந்த மலைநாட்டு ஊர். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், நீளமாக ஒரு கடைத்தெரு, சுற்றிலும் குன்று, ஓவனே ஆற்றில் சால்மன் மீன், எந்நேரமும் தூறல். சதுப்பு நிலத்தில் வெட்டிய பீட் கரி எரிகிற வாசனை சாயங்காலமானால் தெருவில் இறங்கிவிடும்.

ரேடியோவில் அறிவிப்பு வருகிற நேரத்தில் எங்கள் சாப்பாட்டு அறையில் கரண்டிச் சத்தம் நின்றுபோகும். பாதி நினைவு தப்பியவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். பெயர் வந்ததும் ஆரம்பிக்கும் விசாரணை. எந்த பாய்ல்? எந்த கல்லகர்? அந்தப் பக்கமெல்லாம் அதே நாலைந்து குடும்பப் பெயர்கள்தான். தெருவுக்கு நாலு ஜான் பாய்ல் இருந்தால் என்ன செய்வது? அப்பன் பெயர், பாட்டன் பெயர், சில நேரம் பாட்டியின் பெயர், இல்லாவிட்டால் தலைமுடியின் நிறம் என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். ரேடியோவிலும் அந்தப் பட்டப்பெயரைச் சேர்த்துத்தான் வாசிப்பார்கள். இல்லாவிட்டால் உயிரோடு இருக்கிற ஜான் பாய்லின் வீட்டுக்குப் பத்து பேர் துக்கம் கேட்கப் போய்விடுவார்கள்.

இதைப் போனில் அம்மாவிடம் சொன்னபோது, "நம்மூர்ல இழவு சொல்ல ஆளு போகும். அங்க ரேடியோ போகுதாக்கும்" என்றாள். அதற்கு மேல் நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது.

வாரத்துக்கு ஒருமுறை டோனகல் டெமாக்ரட் வரும். 1919-ல் தொடங்கிய பத்திரிகை. முதல் பக்கத்தை ஒருவரும் தொடமாட்டார்கள். உள்ளே ஊர் ஊராகப் பிரித்துப் போட்டிருக்கும் குறிப்புகளைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். அதை எழுதுகிறவர் நிருபரெல்லாம் இல்லை, அந்தந்த ஊரில் இருக்கிற யாரோ ஒருவர். கிளப் லாட்டரியில் இந்த வாரம் விழுந்த நாலு எண்கள், ஜாக்பாட் யாருக்கும் இல்லை, மூன்று எண் பொருந்திய இன்னாருக்குச் சின்னத் தொகை. காணாமல்போன ஆடு, இடுப்பில் நீலச் சாயம். வியாழக்கிழமை தண்ணீர் வராது. இறந்து ஒரு மாதமான இன்னாருக்குப் பூசை. சீட்டாட்டத்தில் ஜெயித்தவர்கள். ஐரிஷ் ஊர்ப்பெயர்களை நான் எழுத்துக்கூட்டி வாசித்தால் அறை முழுக்கச் சிரிக்கும். யாராவது ஒரு பாட்டி அதைத் திருப்பிச் சொல்லித் தருவாள். நான் வாசிக்க வேண்டும் என்று அவர்கள் அடம்பிடித்ததே அந்தச் சிரிப்புக்காகத்தான் என்று பிறகுதான் புரிந்தது.

சீட்டாட்டம் என்றேன். அது 'இருபத்தைந்து' என்கிற ஆட்டம். நம் ஊர் முன்னூற்றுநாலு, ரம்மி எல்லாம் ஆடியவர்களுக்கே தலை சுற்றும். துருப்பில் ஐந்துதான் ராஜா. அடுத்தது துருப்பு ஜாக்கி. மூன்றாவது, துருப்பு எதுவாக இருந்தாலும் சரி, ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஏஸ். கறுப்புச் சீட்டுகளில் எண் சின்னதாக இருந்தால்தான் மதிப்பு பெரிது. இதை யார் உட்கார்ந்து யோசித்தார்களோ தெரியவில்லை, மழைக்காலம் நீளமான தேசத்தில்தான் இப்படி ஒரு விதி பிறக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் பரிசு வான்கோழி. அதற்காக எண்பது வயதில் மேசையைக் குத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊரின் பெருமைகள் வேறு கணக்கில் இருந்தன. நாடக ஆசிரியர் பிரையன் ஃப்ரீலின் தாய்வழி ஊர் இது. அவருடைய 'டான்சிங் அட் லூனாசா' 1998-ல் படமானபோது மெரில் ஸ்ட்ரீப்பே ஊருக்கு வந்துபோனாராம். அதையெல்லாம் ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். டைடி டவுன்ஸ் போட்டியைப் பற்றிக் கேட்டால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். நாட்டிலேயே சுத்தமான ஊர் எது என்ற அந்தப் போட்டி 1958-ல் ஆரம்பித்தது, முதல் பரிசே க்ளென்டீஸுக்கு. அடுத்த இரண்டு வருஷமும் அதே ஊர், பிறகு 1962, பிறகு 1995. நடுவர் கோடையில் சொல்லாமல் வருவார். முகந்தெரியாத ஆள் ஒருவர் கையில் காகிதத்தோடு தெருவில் நடந்தால் போதும், ஊரே ஜன்னலுக்கு வந்துவிடும். பிறகு அறிக்கை வரும். எந்தச் சுவரில் காரை பெயர்ந்திருந்தது, எங்கே களை முளைத்திருந்தது என்று வரி வரியாக இருக்கும். அந்தச் சுவருக்குச் சொந்தக்காரர் அந்த வருஷம் முழுக்கக் கோவிலில் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

2012 செப்டம்பரில் டோனகல் அணி கேலிக் கால்பந்தில் அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது. 1992-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. பயிற்சியாளர் ஜிம் மக்கின்னஸ் க்ளென்டீஸ்காரர். அந்த வாரம் ஆட்டின் முதுகில்கூடப் பச்சையும் மஞ்சளும் பூசியிருந்தார்கள். எனக்கு அந்த ஆட்டத்தின் விதி இன்றுவரை பிடிபடவில்லை, ஆனாலும் கத்தினேன்.

நான் சொல்ல வந்தது ஒரு சாவு வீட்டைப் பற்றி. எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு பாட்டி இறந்து, உடலை மலைச்சரிவில் இருந்த அவளுடைய வீட்டுக்கே கொண்டுபோனார்கள். அந்தப் பக்கத்தில் இன்னும் அப்படித்தான். ராத்திரி முழுக்க உடலோடு யாராவது விழித்திருப்பார்கள். நல்ல மழை. மஞ்சள் மேலாடை போட்ட இரண்டு பையன்கள் டார்ச் அடித்து, கார்களை வயல் வாசலுக்குள் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலிலிருந்து வரிசை. வீட்டார் ஒவ்வொருவருடைய கையையும் பிடித்து, எல்லோரும் சொல்கிற அதே ஒற்றை வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நகர வேண்டும். பெட்டியைச் சுற்றிச் சுவரோரமாக நாற்காலிகள். அதில் உட்கார்ந்திருந்தவர்கள் மாட்டு விலையைப் பேசினார்கள், சைலேஜ் தீவனம் நனைந்துபோனதைப் பேசினார்கள், இறந்தவள் சீட்டில் ஏமாற்றிய கதையைச் சொல்லி உரக்கச் சிரித்தார்கள். ஒப்பாரி கேட்டு வளர்ந்த எனக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. யாரோ ஒரு டீக்கோப்பையைக் கையில் திணித்தார்கள். ஹாம் சாண்ட்விச் தட்டு வந்தது. பக்கத்தில் இருந்த கிழவர் என்னைப் பார்த்து, "கடைசியில அவளுக்குக் கஞ்சி ஊட்டினது நீதானே?" என்றார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

சில வாரம் கழித்து ஊர்க்குறிப்பில் குடும்பத்தார் நன்றி சொல்லியிருந்தார்கள். குருவானவர், கல்லறை வெட்டியவர்கள், டீ போட்ட அக்கம்பக்கத்தார், அதற்கு நடுவே 'முதியோர் இல்லத்து நர்ஸ்' என்று மூன்று சொல். பெயர் இல்லை. தேவையும் இல்லை. மறுநாள் ரொட்டி வாங்கப் போன கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அது யாரென்று தெரிந்திருந்தது. எனக்கு ஏக்கமாக இருப்பது குன்றுக்காகவோ ஆற்றுக்காகவோ இல்லை, அந்த மூன்று சொல்லுக்காக. ஊர்ச் செய்திக்குள்ளே நான் இருந்தேன்.

இதைச் சொர்க்கம் என்று சொல்லிவிடக் கூடாது. டாக்டர் வீட்டு வாசலில் கார் நின்றால் சாயங்காலத்துக்குள் உங்கள் வியாதியை ஊர் முடிவு செய்துவிடும். இளவட்டங்கள் ஆஸ்திரேலியாவுக்கு ஓடுவதற்கு வேலை ஒரு காரணம், இந்தக் கண்கள் இன்னொரு காரணம். 2018-ல் நாடு முழுக்க 159 தபால் நிலையங்களை மூடப்போவதாக அறிவித்தார்கள். பென்ஷன் வாங்க வரிசையில் நின்று சேதி பேசுகிற இடம் பல ஊர்களுக்கு அத்தோடு போயிற்று. 2020-ல் கோவிட் வந்தது. சாவுக்குப் பத்துப் பேர் என்று கட்டுப்பாடு. சவ ஊர்தி போகிற பாதையில் ஆளுக்கொரு வயல் வாசலில் தள்ளித் தள்ளி நின்றார்கள், ஒரு மைல் நீளத்துக்கு. எங்கள் இல்லத்தில் இருந்தவர்களால் அதற்கும் போக முடியவில்லை. ரேடியோ மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தது.

அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு நான் திரும்பி வந்துவிட்டேன். இப்போது கோயம்புத்தூரில் அடுக்குமாடியில் இருக்கிறோம். ஹைலேண்ட் ரேடியோ செல்போனில் கிடைக்கிறது. அங்கே முற்பகல் அறிவிப்பு வரும்போது இங்கே சாயங்கால டீ. ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று தெரிந்த பெயராவது வரும். இப்போது அரிதாகத்தான் வருகிறது. தெரிந்தவர்களில் நிறையப் பேர் போய்விட்டார்கள், புதிதாக வளர்ந்தவர்களை எனக்குத் தெரியாது. தெரிந்த பெயர் வந்தால் வீட்டாருக்கு அட்டை எழுதிப் போடுவேன். பல மாதம் கழித்து அங்கிருந்து நினைவு அட்டை வரும், இறந்தவர் படமும் ஒரு ஜெபமும் அச்சிட்டு.

போன வாரமும் ஒன்று வந்தது. அம்மா அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"யாரு இவரு?"

சீட்டில் எப்போதும் ஆட்டின் ஏஸை ஒளித்து வைத்துக்கொள்கிறவர், மலைக்கு அந்தப் பக்கம் வீடு, பெண்டாட்டி முன்னமே போய்விட்டாள், மூத்தவன் பெர்த்தில், சின்னவள் டப்ளினில் டீச்சர் என்று சொல்லிக்கொண்டே போனேன். அம்மா எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.

"அப்ப ஆட்டையும் நெலத்தையும் இப்ப யாரு பாக்குறா?"